என் மாமியாருக்கு நான் வாங்கிய மாத்திரைகள்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு 'நியர் மிஸ்' அட்டை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். விபத்து நடந்துவிட்டால் அதற்கு வேறு புத்தகம். நடக்க இருந்து, நல்லவேளையாக நடக்காமல் போனதற்குத்தான் இந்த அட்டை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாதா மாதம் தவறாமல் இரண்டு விபத்துகள் நம்மைத் தேடி வந்து, நடக்காமல் திரும்பிப் போக வேண்டும் என்றால் அவற்றுக்கு நாங்கள் எங்கே போவது? அதனால் கடைசி வாரம் டீ குடிக்கும் நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து கற்பனை செய்வோம். கேன்டீன் வாசலில் தண்ணீர் சிந்தியிருந்தது, வழுக்கி விழ இருந்தேன். சுவரில் வயர் தொங்கியது, தலை மாட்ட இருந்தது. மழைக்காலம் என்றால் பாம்பு. ஒரே பாம்பு மூன்று பேருடைய அட்டையில் வந்து போயிருக்கிறது.

இதில் நான் கெட்டிக்காரி. எனக்கு இரண்டு எழுதிவிட்டு, வராதவர்களுக்கும் எழுதிக் கொடுப்பேன். ஒரு வருடம் அதிக அட்டை எழுதியவள் என்று ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்து, என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

அப்படிப்பட்டவள், நிஜமாகவே ஒன்று நடந்தபோது அட்டை எழுதவில்லை. நான் எழுதாமல் விட்டதால் பேக்கிங்கில் வேலை செய்த ஒரு பெண் நான்கு நாள் கேட்டுக்கு வெளியே நின்றாள். அவளுக்கு வேலை இருக்குமா போகுமா என்பது நான் வாயைத் திறப்பதில் இருந்தது. நான் ஏன் திறக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள். ஓட்டினவள் என்று எழுத வேண்டும், கைக்கு இன்னும் பழகவில்லை. பெண்களுக்கும் பயிற்சி தருகிறோம் என்று கம்பெனியில் சொன்னபோது முதலில் கை தூக்கியது நான்தான். என் வீட்டுக்காரர் படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "நான் ஆள ஏத்துறேன், எம் பொண்டாட்டி டன் கணக்குல தூக்குறா" என்று ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பெருமைதான். ஆனால் கிண்டல் மாதிரிச் சொன்னால்தான் அவருக்குப் பெருமைப்படவே வரும்.

அந்த வண்டிக்கு ஸ்பிரிங் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தரையில் இருக்கும் ஒவ்வொரு வெடிப்பும் நேராக இடுப்புக்கு வந்து சேரும். பாதி நேரம் பின்னால் திரும்பிப் பார்த்தபடிதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் வருடம் இடுப்பில் ஒரு வலி பிடித்து வலது கால் விரல் வரை இறங்கியது. படப்பையில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார், இரண்டு வாரத்துக்கு ஓய்வும் எழுதினார். மெடிக்கலில் மாத்திரை கிடைத்தது. ஓய்வு ஸ்டாக் இல்லை.

முதல் மாத்திரை போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வலி போனது மட்டுமில்லை. அலுத்த உடம்புக்கு யாரோ பதமாக வெந்நீர் ஊற்றிவிட்டது போல் இருந்தது. சூப்பர்வைசர் கத்தினால், பாவம் இவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று தோன்றியது. மாமியார் ஏதோ குத்தலாகச் சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். அதைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்தே போனார்.

"இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஐந்து நாள் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாங்கினேன். சீட்டு மடிப்பில் கிழிந்து நான்கு துண்டான பிறகு, சரி போதும் என்று ஒருநாள் நிறுத்தினேன். மறுநாள் மூக்கு ஒழுகியது, குளிர் எடுத்தது, கால் தன்னால் உதறியது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதே மாத்திரையில் ஒன்று போட்டேன். அரை மணி நேரத்தில் காய்ச்சல் ஓடிவிட்டது. அடடா, காய்ச்சலுக்கும் கேட்கிறதே, எவ்வளவு நல்ல மாத்திரை என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

எனக்குப் போதை என்றால் அது வேறு. அது என் வீட்டுக்காரர் முன்பு குடித்துவிட்டு வந்து நின்ற நிற்பு. வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், தெருவே வேடிக்கை பார்க்கும். அவரை நான் பேசாத பேச்சில்லை, சொல்லி அழாத சொந்தக்காரர் இல்லை. மனிதர் ஒருநாள் தானாகவே விட்டார், அதற்கு அப்புறம் தொடவில்லை. அதற்கான பேரையும் நானே எடுத்துக்கொண்டேன். நான் குளித்து, தலை வாரி, ஐடி கார்டு மாட்டி, டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே நிற்கிறவள். நான் போட்டது மாத்திரை. மாத்திரை மெடிக்கலில் விற்பது. இதில் போதை எங்கிருந்து வந்தது?

மெடிக்கலில் எல்லோரும் கொடுத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "சீட்டு இல்லாம தரமாட்டோம்மா, டாக்டர பாருங்க" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களை மனசாட்சி இல்லாதவர்கள் என்று திட்டிக்கொண்டே படி இறங்குவேன். கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் தங்கமான மனிதர்கள் என்று பட்டம் கொடுத்திருந்தேன். ஆனால் தங்கமான மனிதரும் வாரா வாரம் வந்தால் ஒரு மாதிரிப் பார்க்கத்தான் செய்வார். அப்போதுதான் எனக்கு மாமியார் உதவிக்கு வந்தார், அவருக்கே தெரியாமல்.

படப்பை கடையில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. வாலாஜாபாத் கடையில் அவருக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் கடையில் வயிற்றில் பெரிய ஆபரேஷன், தையல் ஆறவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு அவசரத்துக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அந்தக் கடைக்காரர் இரக்கமுள்ளவர். "எங்க சபைல ஜெபத்துக்கு வெக்கிறேன், அவங்க பேர சொல்லுங்கம்மா" என்றார். சொல்லாமல் வர முடியுமா? சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாத ஜனங்கள் என் மாமியாருக்காக முழங்காலில் நின்றிருக்கிறார்கள். ஜெபம் வீண்போகவில்லை. அவர் அன்றைக்கு மொட்டை மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வேறொரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்குகிறார். வெங்காய மூட்டையை யாரையும் கூப்பிடாமல் தானே இழுத்துப் போடுவார். அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் எழுந்து எனக்குப் பின்னால் தூங்குகிறவர். அப்படிப்பட்டவரை நான்கு ஊரில் படுக்கையில் போட்டுவிட்டு, சாயங்காலம் அவர் போட்டுக் கொடுத்த டீயை வாங்கிக் குடிப்பேன்.

இதற்கு நடுவில் கம்பெனியில் போதை ஒழிப்பு உறுதிமொழி நாள் வந்தது. எல்லா லைனும் ஷெட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றது. மைக்கில் படிக்க, குரல் கணீரென்று இருக்கும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "போதைப் பழக்கத்துக்கு ஆளாக மாட்டேன்" என்று நான் சொல்ல, அத்தனை பேரும் கை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். என் சட்டைப் பையில் ஒரு முழு அட்டை மாத்திரை. மூச்சு இழுத்துப் படிக்கும்போதெல்லாம் அது கரகரவென்று மைக்கில் கேட்டது. ஒயரில் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் ஓடிவந்து ஆட்டிப் பார்த்தார்.

அப்போது ஒரு நாளைக்கு எத்தனை போட்டேன் என்று எழுதப் போவதில்லை. வலிக்கு என்று போட்டது போய், போடாவிட்டால் வரும் வலிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது மட்டும் போதும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். காலை டீக்கு முன்னால் வழக்கமானதும், டீக்குப் பிறகு கூடுதலாக ஒன்றும் போட்டிருந்தேன். பேக்கிங் பக்கம் பெட்டிகளை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தேன். ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்சக்கரம்தான் திரும்பும், அதனால் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டியின் வால் பக்கம் வீசும். ரிவர்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அது பக்கத்துக் கம்பெனியில் அடிப்பது போல் கேட்டது. எல்லாம் மெதுவாக, இதமாக, யாருக்கோ நடப்பதாக இருந்தது.

ஒரு சத்தம் கேட்டு நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால், பேக்கிங்கில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தூணில் முதுகை ஒட்டி நிற்கிறாள். வயது இருபத்திரண்டு இருக்கலாம், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம், பேசுவதற்கு முன்னால் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் பேசுவாள். அவளுக்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கையில் வைத்திருந்த பெட்டி கீழே விழுந்து உள்ளே இருந்த பார்ட்டெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் நடப்பதற்கென்று போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் நின்றாள். கோட்டைத் தாண்டி வந்தது என் வண்டியின் வால்.

அவள் சிரித்தாள். உதடு வெடவெடவென்று ஆடியது.

"சாரிக்கா. நான்தான் பாக்காம வந்துட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து வாம்மா" என்றேன்.

பேக்கிங் சூப்பர்வைசர் ஓடிவந்தார். சிதறிய பார்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வண்டியில் உட்கார்ந்திருந்த என்னை, ஹாட்பாக்ஸ் வாங்கியவளை, பார்த்தார். அந்த மூலையைக் கேமராவும் பார்க்காது, அடுக்கியிருந்த பிளாஸ்டிக் தொட்டிகள் மறைத்திருந்தன. என்ன நடந்தது என்று அவளைத்தான் கேட்டார். பயந்துபோயிருந்தவள், கோட்டைத் தாண்டி வந்துவிட்டேன் என்று தானே அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் எழுதுவதெல்லாம் கற்பனை என்று ஆகிப்போன அந்த அட்டையில், அவள் எழுதியதை மட்டும் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். விசாரணை முடிந்தால் எப்படி முடியும் என்பது காண்ட்ராக்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ் கேட்டில் திரும்பியபோது அவள் வெளியே நின்றாள். யூனிஃபார்ம் போட்டு, டிபன் பை மாட்டி, வேலைக்குப் போகிறவளாகவே நின்றாள். செக்யூரிட்டி நிழலில் நிற்கச் சொல்லியும் போகவில்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பார்த்தாள், நான் போனில் ஏதோ முக்கியமாக வந்ததுபோல் குனிந்துகொண்டேன். புதன்கிழமை சீட்டை மாற்றி அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வண்டியை யார் ஒழுங்காக ஓட்டவில்லை என்று பேச்சு வந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் ரத்தம் எடுப்பார்கள். உள்ளே போய் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். அவளை மறப்பதற்கு அது நன்றாகவே வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

வியாழக்கிழமை என் மாமியார் கேன்டீனில் விரலை நறுக்கிக்கொண்டார். பெரிய காயமில்லை. சாயங்காலம் வரும் வழியில் பிளாஸ்திரி வாங்க ஒரு மெடிக்கலில் ஏறியிருக்கிறார். படப்பையில் இருக்கிற கடைகளில் எந்தக் கடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அவரோடு வேலை செய்கிற ஒரு அம்மா இருந்திருக்கிறார். அந்த அம்மா போகிற போக்கில், இவர் மருமகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள் என்று என்னைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார். ஐடி கார்டோடு வாரா வாரம் வந்த என்னைத் தெரிந்த கடைக்காரர் கையில் பிளாஸ்திரியோடு அப்படியே நின்றுவிட்டாராம்.

"அவங்க மாமியாரா நீங்க? இடுப்பு ஒடைஞ்சு படுத்த படுக்கையா கீறீங்கன்னு சொன்னாங்களே?"

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே என் மானம் பஸ் ஏறியிருக்கும். என் மாமியார் ஒரு நொடி கூட யோசிக்கவில்லையாம். கல்லாவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, "இப்பதாம்பா கொஞ்சம் தேவல. எழுந்து நடக்கச் சொல்லிக் கீறாங்க" என்று சொல்லியிருக்கிறார். படியிறங்கி, கடை கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நொண்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாமியார் கட்டிலில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தை, இன்னா ஆச்சு?"

"இடுப்பு ஒடஞ்சு போச்சுடி. படுத்த படுக்கைன்னு ஊரே பேசுது, எனக்குத்தான் லேட்டா தெரிஞ்சிது. போய் டீ போட்டு எடுத்தா."

டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவர் விடவில்லை. தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். ஃபேனைக் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார். ஸ்டாண்டிலிருந்து வந்த வீட்டுக்காரர், அம்மா படுத்திருப்பதைப் பார்த்துப் பதறி ஆட்டோவைத் திருப்ப ஓடினார். "நீ இர்றா. எனக்கு ஒண்ணியும் வாணாம்" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எனக்குன்னு வாங்குன மாத்திர எல்லாம் எங்கடி? நோவு என்னுது, மாத்திரய மட்டும் நீ முழுங்குனா எப்படி? என் மாத்திரய எனக்குக் குடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்தேன். அரிசிமாவு டப்பாவுக்குள் இருந்தது, ஹெல்மெட் உறைக்குள் இருந்தது, நாப்கின் பாக்கெட்டுக்குள் இருந்தது. அந்த ஹாட்பாக்ஸுக்குள்ளும் இருந்தது. கட்டிலில் கொட்டியபோது எனக்கே மலைப்பாக இருந்தது. இவ்வளவு நோய் ஒரு மனுஷிக்கு வந்தால் பிழைக்க மாட்டாள்.

வீட்டுக்காரர் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் குடிச்சப்ப தெருவே பாத்துச்சு. நாலு பேரு திட்னாங்க, நாலு பேரு புடிச்சி வூட்ல வுட்டாங்க. நீ தனியாவே இத்தினி நாளு இருந்துகினு இருந்தியாமா?" என்றார். அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போது வந்தது. நான் அவரைப் பேசிய பேச்சில் ஒரு வார்த்தையையாவது அவர் அன்றைக்குத் திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. அந்தப் பேக்கிங் பெண்ணைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். மாமியார் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு நாளைக்கும் வந்து நிக்குமா?"

"நிக்கும் அத்தை."

"அப்ப இன்னாத்துக்குடி இங்க உக்காந்து அழுவுற?"

வெள்ளிக்கிழமை நான் வண்டியில் ஏறவில்லை. நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவர், அட்டை எழுதுவதில் என் ரசிகர். நான் எழுதிவந்த அட்டையை வாங்கி வழக்கம்போல் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். 'காரணம்' என்ற இடத்தில் தரை, வெளிச்சம், இயந்திரம், கவனக்குறைவு, மற்றவை என்று கட்டங்கள் இருக்கும். நான் மற்றவையில் டிக் அடித்து, பக்கத்தில் 'நான் போட்டிருந்த மாத்திரை' என்று எழுதியிருந்தேன்.

"என்னக்கா சொல்லுதீங்க?" என்றார். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "இத நான் மேல அனுப்பணும். அனுப்பினா உங்க லைசென்ஸ் போயிரும். தெரியும்லா?" என்றார்.

"தெரியும் சார். மொதல்ல கேட்டுக்கு ஒரு போன் போடுங்க. அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குது."

போட்டார். பத்து மணிக்கு அவள் உள்ளே வந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கழுத்தில் மாட்டியிருந்த என் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்த கை உடனே பின்னால் வரவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சிரிக்க அதிகம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, நாங்கள் சொல்கிறபடி குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று அங்கே இருந்த டாக்டர் அம்மா சொன்னார். குறைப்பது என்றால் வாயால் சொல்வது சுலபம். எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது, வேர்த்துக்கொண்டே குளிரெடுத்தது. மாமியார் லீவு போட்டுவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்து காலை அமுக்கினார், அமுக்கிக்கொண்டே திட்டினார். இரண்டாவது மாதம் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் வாலாஜாபாத் பஸ் ஏறி, அந்தக் கடைவரைக்கும் போய், வாங்கி, போட்டுவிட்டேன். திரும்பி வந்து சொன்னேன். சொன்னதற்கும் திட்டு விழுந்தது. டாக்டர் அம்மா மட்டும், "வந்து சொன்னீங்கல்ல, அதுவே முன்னேற்றம்தான்" என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இடுப்புக்கு எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். தரையில் பாய் போட்டுச் செய்கிறேன். வலி குறைந்திருக்கிறது, போகவில்லை.

சர்டிஃபிகேட்டோடு போனபோது கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி கிடையாது. ஸ்டோரில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறேன். என் வண்டியை வேறொருத்தி ஓட்டுகிறாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

அந்தப் பேக்கிங் பெண் என்னைக் கடந்து போவாள், பேச மாட்டாள். ஒருநாள் மதியம் டீ டைமில் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் கீது."

"இருக்கட்டும்மா. இருக்கணும்."

"வேலைக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்து நாலு நாளு கேட்டாண்ட நின்னேன். நீங்க பஸ்ல போறச்ச பாத்தேன். நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்" என்றேன்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள், போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசைமேல் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"அக்கா, நீங்க போட்டதா அட்டைல எழுதுனீங்களே, அது இன்னா மாத்திர? இடுப்பு வுட்டுப் போவுது. ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

எந்த மாத்திரையால் அன்றைக்கு அந்தத் தூணோடு தூணாக நசுங்க இருந்தாளோ, அதையே என்னிடம் வந்து கேட்கிறாள்.

"எத்தினி நாளா வலிக்குது?"

"சேந்ததுலேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"பேக்கிங்ல எல்லாருக்கும்தான் வலிக்குது. இதப் போயி யார்கிட்டக்கா சொல்றது? பக்கத்து டேபிள் அக்கா போன வாரம் பாதி குடுத்தாங்க. நல்லாதான் இருந்துச்சு."

நல்லாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். சனிக்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றேன். அந்தப் பாதிக்கு அடுத்த பாதியை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்றேன். தலையாட்டினாள். வாங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பேக்கிங்கில் நாற்காலி கிடையாது, எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான். நான் எழுந்து என் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். டீ டைம் முடிந்து பெல் அடித்தது.

"ரெண்டே நிமிஷம்க்கா" என்றாள்.